நடுவில் நிறுத்தக்கூடிய வேலை

மல்லாங்கிணற்றில் அன்று காலை ஆறரைக்கே கலவை மிஷினை ஓடவிட்டோம். அது ஓட ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் நிற்பவன் தும்மினால்கூடக் கேட்காது. ஜல்லி அள்ளுகிறவர்கள் ஒரு பக்கம், சாரத்தில் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றி மேலே ஏற்றுகிறவர்கள் ஒரு பக்கம். மாடியில் என் கூட்டாளி காளிமுத்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ஏலே, தண்ணியக் கொறைங்கடா, கஞ்சியா வருது" என்று கீழே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான்.

சட்டையைக் கழற்றி, முட்டுக் கொடுத்திருந்த சவுக்குக் கம்பில் மாட்டியிருந்தேன். அதன் பைக்குள் போன் வெளிச்சம் போட்டது. எடுத்துப் பார்த்தேன். 'திருச்சுழி சைத்தூன்' என்று பெயர் ஓடியது.

பார்த்துவிட்டு அப்படியே பையில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது. மூன்றாவது தடவையும் வந்தது. மிஷின் சத்தத்தில் பேச முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரு முனைக்குப் போய்ப் பேசியிருக்கலாம். டீ குடிக்க அதே முனைக்கு அன்று இரண்டு தடவை போனேன்.

திட்டு விழும் என்று பயந்து எடுக்காமல் இருந்தேன் என்று நினைக்காதீர்கள். சைத்தூன் திட்டாது. 'நாளைக்கு ஆளு வருமாண்ணே?' என்று மெதுவாகத்தான் கேட்கும். அதனால்தான் எடுக்கவில்லை.

வாராவாரம் நான் எழுதுகிற இந்தத் தொடரைப் படிக்கிற ஒருவர் போன வாரம் எனக்குப் போன் செய்தார். "கட்டி முடிச்ச வீட்டைப் பத்தியே எழுதுறீகளே மேஸ்திரி, ஒரு வீட்டுலகூடத் தப்புப் பண்ணலையா?" என்று சிரித்தார். விளையாட்டாகத்தான் கேட்டார். திருச்சுழி வீட்டைப் பற்றி எழுதாமல் இவ்வளவு நாள் சுற்றிச் சுற்றி வந்தேன். இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

பேனாவும் பென்சிலும்

நான் பெரிய காண்ட்ராக்டர் ஒன்றும் கிடையாது. கரண்டி பிடித்து வந்தவன். அருப்புக்கோட்டையில் இருந்துகொண்டு சுத்துப்பட்டு ஊர்களில் ஒரே சமயத்தில் நாலைந்து வீடு பார்ப்பேன். ஆள் என்று பார்த்தால் கொத்தனார் ஐந்து பேர், சித்தாள் எட்டுப் பேர். மிஷின் ஒன்று. சென்ட்ரிங் தகடு ஒரு செட். குழாய் வேலைக்கு ஒருவர், டைல்ஸ் ஒட்ட ஒருவர். இவர்களை வைத்துக்கொண்டு எல்லா வீட்டுக்காரர்களிடமும் 'உங்க வீட்டு வேலைதான் ஓடுது' என்று சொல்லிக்கொண்டு திரிய வேண்டும்.

அந்த ஐந்து பேரும் ஐந்து பேராக எல்லா நாளும் வரமாட்டார்கள். எங்கள் பக்கம் வானத்தைப் பார்த்துப் பிழைக்கிற பூமி. கொத்தனாருக்கும் கொஞ்சம் காடு இருக்கும். ஒரு மழை நன்றாக இறங்கிவிட்டால் மறுநாள் சைட்டில் ஈ காக்கை இருக்காது. போன் போட்டால், "ஈரம் காயுறதுக்குள்ள விதைச்சிரணும்ல" என்பார்கள். அதற்கு மேல் நான் என்ன பேச முடியும்? மழை பெய்கிறது என்று சந்தோஷப்படுவதா, ஆள் போய்விட்டது என்று அழுவதா என்று எனக்கே தெரியாது. இது போக ஊரில் ஒரு சாவு, குலசாமி கும்பிடு, காதுகுத்து.

அதனால் பெரிய நோட்டு ஒன்று வைத்திருந்தேன். எந்த நாள், எந்த வீடு, யார் யார் என்று எழுதுவேன். கான்கிரீட் போடுகிற நாளைப் பேனாவில் எழுதுவேன். அதை யாருக்காகவும் மாற்றமாட்டேன். செங்கல் கட்டு, பூச்சு, டைல்ஸ், குழாய் எல்லாம் பென்சிலில். இந்த வேலைகளைப் பாதியில் விட்டுவிட்டுப் போகலாம், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம், சுவர் ஒன்றும் சொல்லாது.

கான்கிரீட்டுக்கு ஏன் இவ்வளவு பயம் என்றால் அதற்கு ஒரு கதை உண்டு. நான் கொத்தனாராக இருந்த காலத்தில் எம்.ரெட்டியபட்டியில் ஒரு வீட்டுக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தோம். பாதியில் மழை பிடித்துக்கொண்டது. மேஸ்திரி நிறுத்தச் சொன்னார். மறுநாள் வந்து மீதியைப் போட்டோம். பழசும் புதுசும் சேர்ந்த இடம் ஒட்டவே இல்லை. அந்த வீட்டம்மா இன்றைக்கும் மழை வந்தால் அந்தக் கோட்டுக்கு நேர் கீழே அண்டாவைக் கொண்டுபோய் வைக்கிறது. வழியில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அதிலிருந்து எனக்கு வேலை இரண்டே வகை. நிறுத்தக் கூடாதது, நிறுத்தலாம் என்பது. எந்த வீட்டில் ஆள் குறைந்தாலும் பென்சில் வீட்டிலிருந்து எடுத்துப் பேனா வீட்டில் போடுவேன். இதை ஒரு சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் பெருமையாகச் சொல்லவும் செய்வேன்.

வைகாசியில் வந்த சைத்தூன்

ஒரு வைகாசி மாதம் அருப்புக்கோட்டையில் நான் பார்த்துக்கொண்டிருந்த சைட்டுக்குச் சைத்தூன் பஸ் பிடித்து வந்தது. திருச்சுழியில் அதன் வீட்டுக்கு முன்பு ஒரு தடவை மொட்டைமாடிக்குத் தளம் ஓட்டிக் கொடுத்திருக்கிறேன். தங்கச்சி முறையாகத்தான் பேசிக்கொள்வோம். வெயிலில் நின்று முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டது.

"அண்ணே, வீட்டுக்குள்ளயே ஒரு பாத்ரூம் போடணும்."

"இருக்குறது என்னாச்சு?"

"அது கொல்லைக் கடைசியில இருக்குல்ல. நாலு படி எறங்கணும். போயும் குத்தவச்சு உக்காரணும். அவுகளால முடியல."

'அவுக' என்றது அதன் புருஷன் சிக்கந்தர் பாயை. இருபது வருஷத்துக்கு மேல் வளைகுடாவில் சாரம் கட்டுகிற வேலை பார்த்தவர். உயரத்துக் கட்டடங்களுக்கு இரும்புக் குழாயில் சாரம் கட்டுவார். அங்கே ஒரு நாள் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். உயிர் பிழைத்தது பெரிய விஷயம். இடுப்புக்குக் கீழே பலம் இல்லை. ஊருக்குக் கொண்டுவந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

"பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு நானும் பக்கத்து வீட்டு அக்காவும் தூக்கிட்டுப் போறோம். அக்கா காலையில எட்டு மணிக்கு மில்லுக்குப் போனா சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் வரும். நடுவுல நான் ஒத்தையாத் தூக்கணும்" என்றது சைத்தூன். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. "அவுக வாயத் தொறந்து கேக்கமாட்டாகண்ணே. நான்தான் கேக்குறேன். சீக்கிரம் முடிச்சுக் குடுங்க."

போய்ப் பார்த்தேன். முன்னறையில் ஒரு மூலையைச் சுவர் வைத்துத் தடுத்து, தரையை மட்டமாக்கி, வெஸ்டர்ன் டாய்லெட் வைத்து, பிடித்துக்கொண்டு நகர இரண்டு பக்கமும் எவர்சில்வர் கம்பி அடிக்க வேண்டும். கட்டிலுக்கும் அதற்கும் ஐந்து அடிதான்.

"மூணு நாள் வேலை தங்கச்சி. திங்கக்கிழமை வாரோம்" என்றேன். ஏமாற்றச் சொல்லவில்லை, சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். சொன்ன சாமான் எல்லாம் சனிக்கிழமையே வந்து இறங்கிவிட்டது. அவ்வளவு அவசரம் அந்த வீட்டில்.

திங்கட்கிழமை நாலு பேரோடு போனோம். குழாய்க்குப் பள்ளம் தோண்டிச் சுவரை நெஞ்சளவுக்குக் கட்டினோம். சிக்கந்தர் பாய் கட்டிலில் தலையணை மேல் தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு, "காளிமுத்து, அந்த மூலை கொஞ்சம் வெளிய தள்ளுது பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மல்லாங்கிணற்றிலிருந்து போன் வந்தது. அங்கே ஒரு கடைக்காரருக்குப் பெரிய வீடு கட்டிக்கொண்டிருந்தேன். "நாளைக்கு நாளு நல்லா இருக்கு, அதை விட்டா பத்து நாளைக்கு அமையலையாம். நாளைக்கே கான்கிரீட்டைப் போட்டுருங்க" என்றார். அவர் பேசினால் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டும். கம்பி கட்டுகிற வேலை அங்கே பாதி கிடந்தது. எல்லா ஆளும் வேண்டும்.

கரண்டியைக் கழுவச் சொன்னேன். பாயிடம் போய், "ரெண்டே நாள் பாய், கான்கிரீட்டைப் போட்டுட்டு ஓடி வந்துர்றோம்" என்றேன்.

"கான்கிரீட்டுன்னா போய்த்தான ஆகணும். போயிட்டு வாங்க மேஸ்திரி" என்றார்.

அப்போது அங்கே இரண்டு நாள் வேலைதான் மிச்சம்.

ஒரு கை வைத்துவிட்டு வா

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. 'கை வைப்பது' என்போம். ஒரு வீட்டில் பல நாளாக வேலை நடக்கவில்லை, வீட்டுக்காரருக்கு மூக்கு விடைக்கிற நேரம் வந்துவிட்டது என்று தெரிந்தால், காலையில் ஒரு கொத்தனாரையும் ஒரு சித்தாளையும் அனுப்பிவிடுவோம். 'போய் ஒரு கை வச்சிட்டு வா' என்று சொன்னால் போதும், அவர்களுக்குப் புரியும். ஒரு சட்டி கலவை போட்டு இரண்டு வரி கட்டுவார்கள், அல்லது ஒரு மூலையைப் பூசுவார்கள். கரண்டிச் சத்தம் கேட்டதும் வீட்டுக்காரருக்கு மனசு ஆறிவிடும். பதினொரு மணி டீயோடு ஆள் மறைந்துவிடும். சாயங்காலம் கேட்டால், 'கட்டு காயணும்ல, அதுக்கு மேல வைக்கக் கூடாது' என்று சொல்லிக்கொள்ளலாம். பொய் இல்லை. வேலையும் இல்லை.

இப்போது வாட்ஸப் வந்த பிறகு இது இன்னும் வசதி. கட்டினது இரண்டு வரியாக இருந்தாலும் கிட்டத்தில் நின்று படம் எடுத்து அனுப்பினால் பெரிய சுவராகத் தெரியும்.

மல்லாங்கிணற்றில் கான்கிரீட் போட்டு முடித்ததும் ரெட்டியபட்டியில் ஓர் அரசாங்கத் தொகுப்பு வீடு கழுத்தைப் பிடித்தது. அங்கே ஜன்னல் மட்டத்துக்குச் சுவர் வந்து படம் எடுத்தால்தான் அவர்களுக்கு அடுத்த தவணை வரும். பிறகு மல்லாங்கிணற்றுக்காரருக்கு, மாடியில் ஓர் அறை வேண்டும் என்று திடீரென்று ஆசை வந்தது. ஐப்பசியில் பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டார். பத்திரிகைகூட அடிக்கக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

நடுவில் ஒரு மழை பெய்து எல்லோரும் விதைக்கப் போனார்கள். திரும்பி வந்தபோது சித்தாள் இரண்டு பேர் குறைச்சல்.

திருச்சுழிக்கு ஆனி மாதத்தில் இரண்டு தடவை கை வைத்தோம். ஆடியில் ஒரு தடவை. ஆவணியில் இரண்டு தடவை. நோட்டில் அந்த வீட்டைப் பென்சிலில் எழுதி அழித்து, எழுதி அழித்து, அந்த இடத்தில் தாள் தேய்ந்துவிட்டது.

ஒவ்வொரு தடவையும் சைத்தூன் போன் செய்து, "இன்னைக்கு வந்தாகண்ணே, சந்தோஷம். நாளைக்கும் வருவாகளா?" என்று கேட்கும். "வருவாக தங்கச்சி" என்பேன்.

காளிமுத்துதான் ஒரு நாள் மனசு கேட்காமல் சொன்னான். "ஏலே, அந்தப் பாய் வீட்டை முடிச்சுவிட்ருவோம். போய்ப் போய் மூஞ்சியக் காட்டிட்டு வர எனக்குக் கூச்சமா இருக்கு."

"மல்லாங்கிணத்து ஆளு விடிஞ்சதுல இருந்து கத்துறாரு. அவருக்கு யாரு பதில் சொல்றது?"

"அவரு எப்பவும் கத்தத்தான செய்வாரு."

"அப்ப நீ பதில் சொல்லு" என்று சீறினேன். அவன் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம், அவன் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்ததுதான். கத்துகிற வீட்டுக்கு ஆள் போகும், கத்தாத வீட்டிலிருந்து ஆள் வரும். என் நோட்டின் லட்சணம் அவ்வளவுதான். பேனா, பென்சில் என்று நான் பேசியதெல்லாம் வாய்ப்பேச்சு.

விவரம் தெரிந்த மனிதர்

ஆடியில் ஒரு நாள் ரெட்டியபட்டியிலிருந்து வருகிற வழியில், போகாமல் இருந்தால் நன்றாக இருக்காதே என்று அங்கே போனேன். காற்று ஆளைத் தள்ளியது. முன்னறை முழுக்க மண். நெஞ்சளவுச் சுவர் இரண்டு வரி ஏறியதோடு நின்றது. டாய்லெட்டை அட்டைப்பெட்டியோடு மூலையில் சாய்த்து வைத்திருந்தார்கள். கட்டிலில் படுத்தால் கண்ணுக்கு நேரே அதுதான் தெரியும்.

"வாங்க மேஸ்திரி" என்றார் பாய். சிரித்த முகம். முன்பைவிட இளைத்திருந்தார்.

நான் உட்கார்ந்ததும் சாக்குப்போக்கை ஆரம்பித்தேன். மாடி அறை, தொகுப்பு வீடு, மழை, ஆள். அவர் என்னைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

"எனக்குத் தெரியாதா? அங்க நாங்களும் நாலு பில்டிங் ஒரே நேரத்துல பாப்போம். சாரம் ஒரு செட்டுத்தான் இருக்கும். ஒரு இடத்துல பிரிச்சாத்தான் இன்னொரு இடத்துல கட்ட முடியும். எவன் வேலை நின்னாப் பரவாயில்லையோ அங்கதான் மொதல்ல பிரிப்பான். நீங்க என்ன வேணும்னா செய்யுறீக? ஆளு இருந்தா வரமாட்டீகளா?"

என் பக்கத்து நியாயத்தை நானே இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்கமாட்டேன்.

சைத்தூன் எனக்கு டீயும் தண்ணீரும் கொண்டுவந்தது. அவருக்கும் ஒரு டம்ளரில் தண்ணீர் கொடுத்தது. அவர் வாங்கி உதட்டை நனைத்துக்கொண்டு டம்ளரைக் கட்டில் ஓரத்து ஸ்டூலில் வைத்துவிட்டார். உதடு வெடித்திருந்தது. ஆடிக் காற்றுக்கு எல்லோருக்கும் வெடிக்கும் என்று நினைத்தேன்.

"குடிங்க பாய், இந்தக் காத்துக்கு."

"குடிக்கலாம், குடிக்கலாம்" என்றார். சைத்தூன் அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்று விட்டுவிட்டேன்.

அவர் தொழில் தெரிந்தவர். என் கஷ்டம் அவருக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் அவர் வீட்டு வேலை நின்றது. ஒன்றும் புரியாத முரடராக இருந்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால் மறுநாளே ஆள் அனுப்பியிருப்பேன். அன்று அங்கிருந்து கிளம்பும்போது எனக்கு மனசு லேசாக இருந்தது. நல்ல மனுஷன், கோபப்படவில்லை என்று பைக்கில் வரும்போது பாட்டுக்கூட முணுமுணுத்தேன். அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

எடுக்காத போன்

ஆவணிக் கடைசியில்தான் மல்லாங்கிணற்று மாடி அறைக்குக் கான்கிரீட் போட்டோம். அன்றுதான் சைத்தூன் மூன்று தடவை கூப்பிட்டதும் நான் எடுக்காமல் விட்டதும். சாயங்காலம் திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் ஒரு நாள் சொல்ல வேண்டும். சொல்ல என்னிடம் நாள் இல்லை. அதற்குப் பதிலாக, மறுநாள் காலையில் காளிமுத்துவைத் திருச்சுழிக்குக் கை வைக்க அனுப்பினேன்.

ஏழரை மணிக்கே அவனிடமிருந்து போன்.

"ஏலே, வீடு பூட்டிக் கெடக்கு."

"எங்கயாவது கடைக்குப் போயிருக்கும், இரு."

"இல்லடா. பாய்க்கு ரெண்டு நாளாக் காய்ச்சலாம். நேத்துக் காலையில மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாகளாம். பக்கத்து வீட்டு அக்கா சொல்லுது."

அவன் மீதியையும் சொன்னான்.

"உனக்கு நேத்து மூணு தடவை போன் அடிச்சுச்சாம்ல. வீடு பூட்டியிருக்கும், மேஸ்திரி ஆளுக வந்து ஏமாந்து போயிரக் கூடாது, ஒரு நாள் கூலி போயிருமேன்னு சொல்லத்தான் அடிச்சுச்சாம்."

புருஷனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிற அவசரத்தில் அந்தப் பெண் என் ஆளுடைய கூலியை நினைத்திருக்கிறது. நான் அதே காலையில் தெரு முனையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் சிக்கந்தர் பாய் இறந்துபோனார்.

திரைக்கு அந்தப் பக்கம்

அடக்கத்துக்குப் போனேன். ஒரு கை மண் போட்டேன். திரும்பி வந்துவிட்டேன். பத்து நாள் கழித்து மறுபடி போனேன்.

சைத்தூனின் அண்ணன் வாசலுக்கு வந்து உள்ளே கூப்பிட்டார். முன்னறையில் கட்டில் இல்லை. பாதிச் சுவர் இருந்தது. முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவில் கனத்த துணி ஒன்றைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். சைத்தூன் அந்தப் பக்கம் இருந்தது. புருஷன் இறந்து இத்தா இருக்கிற பெண் வெளி ஆண்கள் கண்ணில் படக் கூடாது என்பது எனக்கும் தெரியும்.

"எல்லா ஆளையும் கூட்டிட்டு நாளைக்கே வந்து முடிச்சுக் குடுத்துர்றேன்" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அண்ணன் சங்கடப்பட்டார். "இத்தா முடியுற வரைக்கும் ஆம்பளை ஆளுகள வீட்டுக்குள்ள வேலைக்கு விட முடியாதுங்க. நாலு மாசம் பத்து நாளு. அதுக்கப்புறம் பாத்துக்கலாம்."

கடைசியில் நான்தான் கேட்டேன், பாய்க்கு என்னதான் ஆனது என்று.

"மூத்திரத்துல கிருமி போயி கிட்னி வரைக்கும் ஏறிருச்சுன்னாக. தண்ணி ஒழுங்காக் குடிக்கமாட்டாராம்மான்னு டாக்டர் கேட்டாரு" என்றார்.

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைத்தூன் பேசியது. அழுதுமுடித்த குரல்.

"பகல்ல குடிக்கமாட்டாகண்ணே. அக்கா மில்லுக்குப் போனா, அது வார வரைக்கும் வாயில ஒரு சொட்டு வைக்கமாட்டாக. நான் ஒத்தையாத் தூக்கி எனக்கு இடுப்புப் போயிருமாம். குடிங்கன்னு நான் சண்டை போட்டா, நோன்பு பிடிச்சுப் பழகுன உடம்புதான் போடின்னு சிரிப்பாக. மேஸ்திரி முடிச்சுக் குடுக்கட்டும், அன்னைக்கு ஒரு செம்பு முழுக்கக் குடிக்கிறேன்னு சொல்லுவாக."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணன் முகத்தைக்கூட என்னால் பார்க்க முடியவில்லை.

"உங்களக் குத்தம் சொல்லலண்ணே. இதெல்லாம் அல்லா குறிச்சது" என்றது. பிறகு, "இனிமே ஒண்ணும் அவசரமில்ல. மத்தவுக வீட்டையெல்லாம் முடிச்சிட்டு வாங்க" என்றது.

குத்தலாகச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்குக் குத்தத் தெரியாது. நிஜமாகவே எனக்கு வசதி செய்து கொடுத்தது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று அழுதேன். ஐம்பது வயதுக்கு மேல் ஒருவன் நடுத்தெருவில் நின்று அழுதால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

வைகாசியிலிருந்து அந்த வீட்டு வேலையை நான் எத்தனையோ தடவை நிறுத்தியிருக்கிறேன். முடித்தே தீர வேண்டும் என்று எனக்குத் தோன்றிய நாளில் அந்த வீட்டுக் கதவு எனக்கு மூடியிருந்தது.

ஐப்பசியில் மல்லாங்கிணற்று வீட்டில் பால் காய்ச்சினார்கள். மேஸ்திரிக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுப்பது வழக்கம். கடைக்காரர் எனக்குத் துண்டைப் போர்த்தி, "சொன்ன தேதிக்கு முடிச்சுக் குடுத்துட்டாருல்ல, இவர மாதிரி ஆளு கிடையாது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். வாங்கிக்கொண்டேன். பந்தியில் உட்காராமல் வந்துவிட்டேன். அந்த வேட்டியை இன்றுவரை கட்டவில்லை.

ஒன்றரை நாள்

தை மாதம் இத்தா முடிந்தது என்று சைத்தூனின் அண்ணன் சொல்லி அனுப்பினார். அந்த வாரம் ரெட்டியபட்டியில் ஒரு வீட்டுக்குக் கான்கிரீட் நாள். தள்ளி வைத்தேன். என் தொழிலில் கான்கிரீட்டை நானாகத் தள்ளி வைத்தது அதுதான் முதல் தடவை. அந்த வீட்டுக்காரர் வாய்க்கு வந்தபடி ஏசினார். ஏசட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

ஐந்து கொத்தனாரும் எல்லாச் சித்தாள்களும் குழாய்க்காரரும் டைல்ஸ்காரரும் ஒன்றாகப் போய் இறங்கினோம். அந்தச் சின்ன அறைக்கு அத்தனை பேர் தேவையே இல்லை. பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். வெறுமனே விட்டிருந்த குழாய்க்குள் மண் அடைத்திருந்தது. அதைத் தோண்டி எடுத்து மாற்றினோம். சுவரை ஏற்றிப் பூசினோம். நான் கரண்டி பிடித்துப் பல வருஷம் ஆகிவிட்டது, அன்றைக்குப் பிடித்தேன். காளிமுத்து கலவையை எடுத்து எடுத்துக் கொடுத்தான்.

மறுநாள் காலையில் டைல்ஸ் ஒட்டி, டாய்லெட்டைப் பொருத்தி, இரண்டு பக்கமும் கம்பி அடித்தோம். பள்ளிவாசலில் மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னபோது சித்தாள் தரையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தது.

சைத்தூனைக் கூப்பிட்டேன். வெள்ளைச் சேலையில் வந்து வாசல்படியில் நின்றது. உள்ளே போய்க் குழாயைத் திறந்து பார்த்தது, மூடியது. கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. அசையவில்லை. கட்டில் கிடந்த இடத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தது.

"எல்லாம் முடிஞ்சிருச்சாண்ணே?"

"முடிஞ்சிருச்சு தங்கச்சி."

"நேத்துக் காலையிலதான வந்தீக" என்றது.

"ஆமா."

விரலை மடக்கிப் பார்த்தது. நேற்று ஒரு நாள், இன்றைக்கு லுஹர் வரைக்கும். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, கோபமே இல்லாமல், தெரிந்துகொள்கிறதுக்காகக் கேட்கிற மாதிரி கேட்டது.

"இம்புட்டு வேலைதானாண்ணே?"

"இம்புட்டுத்தாம்மா" என்றேன்.